பிகானேருக்கு ஒரு ராத்திரி போதுமா?

டிசம்பர் கடைசியில் குடும்பத்தோடு ஜெய்சல்மேர் போகிறோம், வழியில் பிகானேரில் ஒரு ராத்திரி தங்கினால் போதுமா, கோட்டையும் எலிக்கோயிலும் தவிர அங்கே என்ன இருக்கிறது, வெறும் மணலுக்கு நடுவில் ஓர் ஊர் எப்படி இத்தனை பெரிதாக வளர்ந்தது என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஒரு ராத்திரி போதாது. இரண்டு ராத்திரியாவது வையுங்கள். நான் நெய்வேலிக்காரன். பிகானேரிலிருந்து சுமார் 25 கிலோமீட்டர் தள்ளி பர்சிங்சர் என்ற இடத்தில் நெய்வேலி நிறுவனத்துக்குப் பழுப்பு நிலக்கரிச் சுரங்கமும் 250 மெகாவாட் அனல்மின் நிலையமும் இருக்கின்றன. அங்கே வேலைக்குப் போய், பழைய நகரத்துக்குள் ஒரு மாடி வீட்டில் ஏழு வருடம் குடியிருந்தோம். அந்த உரிமையில் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

இந்த ஊரைப் பற்றிப் பேசத் தண்ணீரிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். 2015 டிசம்பர் முதல் தேதி தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. மழை கொட்டியது உங்களுக்கு நினைவிருக்கும். பிகானேரில் ஒரு வருடம் முழுக்கப் பெய்வது அதில் கிட்டத்தட்ட பாதிதான். நாங்கள் குடிபோன முதல் வாரம் என் மனைவி அரிசி களைந்த தண்ணீரை முற்றத்துச் சாக்கடையில் ஊற்றப் போனாள். கீழ்வீட்டு மாஜிசா ஓடிவந்து பாத்திரத்தைக் கையில் வாங்கிக்கொண்டார். வயதான பெண்களை அங்கே அப்படித்தான் மரியாதையாகக் கூப்பிடுவார்கள். கழுநீர் தெருமுனை மாட்டுக்குப் போயிற்று. அவர் கோபப்படவில்லை, ஒரு சொலவடை மட்டும் சொன்னார்: நெய் சிந்தினால் எனக்கு ஒன்றும் போகாது, தண்ணீர் சிந்தினால் என் வயிறு எரியும். மார்வாட் பக்கம் எல்லா வீட்டிலும் புழங்குகிற வாக்கு அது. கழுநீர்ப் பானை வைத்திருந்த எங்கள் பாட்டி அங்கே இருந்திருந்தால் மாஜிசாவோடு உடனே ஒட்டிக்கொண்டிருப்பாள்.

சரி, இப்படிப்பட்ட இடத்தில் யார் வந்து ஊர் கட்டினார்கள்? ஜோத்பூரை 1459-ல் நிறுவிய ராவ் ஜோதாவின் மகன் பீகா. ஒருநாள் சபையில் அவர் உறவினர் காந்தலோடு காதோடு காதாக ஏதோ பேசிக்கொண்டிருக்க, 'என்ன, புது நாடு பிடிக்கப் போகிறீர்களா?' என்று ஜோதா விளையாட்டாகக் கேட்டாராம். அந்தச் சொல் சுருக்கென்று தைத்தது. 1465-ல் பீகா சிறு படையோடு வடக்கே கிளம்பிவிட்டார். அந்தப் பக்கம் அப்போது ஜாங்கல தேசம், ஜாட் குலங்கள் தங்களுக்குள் சண்டையிட்டுக்கொண்டிருந்த பூமி. கர்ணி மாதா என்ற, சாரண் எனப்படும் பாணர் குலத்துப் பெண் துறவியின் ஆசி அவருக்குக் கிடைத்தது. இருபது வருடத்துக்கு மேல் போராடி 1488-ல் நகரத்தை நிறுவினார். மணல்தான் என்றாலும் இருந்த இடம் நல்ல இடம். சிந்து, முல்தான், தில்லி, குஜராத் துறைமுகங்கள் இவற்றுக்கு இடையே போன ஒட்டகச் சாத்துகள் இந்த வழியாகத்தான் போயின. தண்ணீரும் காவலும் கொடுத்துச் சுங்கம் வாங்கினார்கள்.

ஊர் பிறந்தது அட்சய திருதியைக்கு முந்தின நாள் என்பது அவர்கள் கணக்கு. நம் ஊரில் நகைக்கடை வாசலில் கூட்டம் நிற்கும் அந்த இரண்டு நாளும் பிகானேர்க்காரர்கள் மொட்டைமாடியில்தான் இருப்பார்கள். வெயில் 43, 44 டிகிரி. பாட்டிகள் உட்பட எல்லோரும் பட்டம் விடுவார்கள். சாப்பாடு கோதுமை கீச்சடா, மேலே நெய். குடிக்க இனிப்புப் போட்ட புளிக்கரைசல். முதல் வாயிலேயே நம் பானகம் ஞாபகம் வந்துவிடும்.

இப்போது கோட்டைக்கு வருவோம். ஜூனாகட் கோட்டை ஜோத்பூர்க் கோட்டையைப் போல மலைமேல் உட்கார்ந்திருக்காது. சமதளத்தில், அகழி வெட்டி, சிவப்பு மணற்கல்லில் எழுப்பியது. அக்பரின் படைத்தலைவர்களில் ஒருவரான ராஜா ராய் சிங் 1589-ல் தொடங்கி 1594-ல் முடித்தார். பின்னால் வந்தவர்கள் ஆளுக்கொரு மாளிகை சேர்த்தார்கள். வழிகாட்டி உங்களை அனூப் மஹாலின் தங்கப் பூச்சு வேலை முன்னால் நிறுத்திவைப்பார். நிற்கலாம், அது உஸ்தா குடும்பங்களின் கைவேலை, ஒட்டகத் தோலில் தங்கச் சித்திரம் எழுதும் அதே பரம்பரை. ஆனால் நேரம் குறைவாக இருந்தால் பாதல் மஹாலுக்குப் போய்விடுங்கள். பாதல் என்றால் மேகம். சின்ன அறைதான். சுவர் முழுக்க நீல மேகங்கள் சுருள் சுருளாக உருண்டு நிற்கும். நடுநடுவே மின்னல் பாம்பு போல நெளியும். கீழே மழை கம்பி கம்பியாக இறங்கும். மழை காணாத ஊரின் அரசர் தன் வீட்டுச் சுவரில் எழுதிவைத்துக்கொண்டது போர்க்களத்தை அல்ல, மழையை. என் மகளுக்கு அப்போது நாலு வயது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு 'ஆயா வீட்டு மழை' என்றாள். அவளுக்குத் தெரிந்த பெருமழை கடலூர் மாவட்டத்து ஐப்பசி மழை மட்டும்தான்.

கோட்டையோடு சேர்ந்த இன்னொரு செல்வம் ஓலையும் காகிதமும். அனூப் சிங் (ஆட்சி 1669–1698) அவுரங்கசீப்பின் படையோடு தக்காணத்தில் பல வருடம் இருந்தவர், ஆதோனியிலேயே இறந்தவர். போரில் கோயில்களும் மடங்களும் சிதறிக்கொண்டிருந்த காலத்தில் கையில் கிடைத்த வடமொழிச் சுவடிகளையும் தெய்வப் படிமங்களையும் சேகரித்து பிகானேருக்கு அனுப்பினார். படிமங்கள் கோட்டைக்குள் முப்பத்து முக்கோடி தேவர் கோயிலில் இருக்கின்றன. சுவடிகளின் தொகுப்புதான் அனூப் சம்ஸ்கிருத நூலகம். இசை நூல்களில் ஆராய்ச்சி செய்கிறவர்களுக்கு அது பெரிய புதையல்.

லால்கட் அரண்மனை ஸ்விண்டன் ஜேக்கப் வடிவமைத்தது, அழகானது, ஆனால் ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம்.

ஊர் வளர்ந்த கதைக்குக் கங்கா சிங்கைத் தெரிந்துகொள்ள வேண்டும். நமக்குத் தாது வருஷப் பஞ்சம் எப்படியோ, அவர்களுக்கு 'சப்பனியா'. விக்ரம ஆண்டு 1956, நம் கணக்கில் 1899–1900. ஐம்பத்தாறு என்ற எண்ணே அங்கே பஞ்சத்துக்குப் பெயராகிவிட்டது. மகாராஜா கங்கா சிங்குக்கு அப்போது பத்தொன்பது வயது. முழு அதிகாரம் கைக்கு வந்து ஓராண்டுதான் ஆகியிருந்தது. மனிதரும் மாடும் சாவதைக் கண்ணால் பார்த்தவர், ஆற்றுத் தண்ணீர் வந்தாலொழிய இந்த நாடு பிழைக்காது என்று முடிவு கட்டிக்கொண்டார். பஞ்சாபோடும் பகாவல்பூரோடும் பேசிப் பேசி 1920-ல் ஒப்பந்தம் ஆயிற்று. சட்லெஜ் தண்ணீர் மணலில் உறிஞ்சிப் போகாமல் இருக்க அடியிலும் பக்கத்திலும் கான்கிரீட் பூசிய கால்வாய் வெட்டி, 1927 அக்டோபர் 26-ல் வைஸ்ராய் இர்வின் திறந்துவைத்தார். கங் கால்வாய் என்பார்கள். வடக்கே ஸ்ரீகங்காநகர் பக்கம் இன்று கோதுமையும் கின்னோ ஆரஞ்சும் விளைவது அந்தத் தண்ணீரால். 1919-ல் வெர்சாய் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவர்களில் இவரும் ஒருவர். அவரைப் பற்றிய புத்தகங்கள் அதைத்தான் பெரிதாகச் சொல்லும். எனக்குக் கால்வாய்தான் பெரிது.

ஆனால் அந்தத் தண்ணீர் பிகானேர் நகரத்துக்கு வரவில்லை. அதற்கு இன்னொரு மனிதர் வேண்டியிருந்தார். பிகானேர் சமஸ்தானத்துப் பொறியாளர் கன்வர் சைன் 1948-ல் ஒரு திட்டம் எழுதினார்: பியாஸும் சட்லெஜும் சேரும் ஹரிகேயில் அணை கட்டி, தண்ணீரைத் தார்ப் பாலைவனத்துக்குள் கொண்டுபோவது. 1958-ல் வேலை தொடங்கியது. ராஜஸ்தான் கால்வாய், பிறகு இந்திரா காந்தி கால்வாய் என்று பெயர். தொடக்கக் கால்வாயையும் சேர்த்து நீளம் 649 கிலோமீட்டர். பிகானேர் அதைவிட மேட்டில் இருப்பதால் தண்ணீரைப் படிப்படியாகப் பம்பு போட்டு ஏற்றுகிறார்கள். அந்த லிஃப்ட் கால்வாய்க்குக் கன்வர் சைன் பெயரையே வைத்திருக்கிறார்கள். அதற்கு முன்னால் ஊர் பிழைத்தது அடி காண முடியாத ஆழக் கிணறுகளாலும், மழை நீரைத் தேக்கிய தலாவ் என்ற குளங்களாலும், வீட்டுக்குள் வெட்டிய 'குண்டு' என்ற நிலத்தடித் தொட்டிகளாலும். எங்கள் வீட்டு முற்றத்துக்குக் கீழேயும் ஒரு குண்டு இருந்தது. மாடித் தண்ணீர் முழுக்க அதில் இறங்கும். முதல் மழைக்கு முன் மாஜிசா மாடியைப் பெருக்கி, துடைத்து, செருப்போடு யாரையும் ஏறவிட மாட்டார்.

இன்றும் பங்குனி, சித்திரை வந்தால் 'நஹர் பந்தி' என்பார்கள். கால்வாயைப் பராமரிப்புக்காக அடைத்துவிடுவார்கள். பிச்வால், ஷோபாசர் தேக்கங்களில் இருக்கும் தண்ணீரை வைத்து ஒருநாள் விட்டு ஒருநாள் குழாயில் விடுவார்கள். அந்த வாரங்களில் தெருவில் பேச்சே தேக்கத்தில் எத்தனை நாளைக்கு இருக்கிறது என்பதுதான்.

1901-ல் சுமார் 53,000 பேர் இருந்த ஊர், 2011 கணக்கெடுப்பில் 6.44 லட்சம். தண்ணீர் வந்தபின் மற்றதெல்லாம் தொடர்ந்து வந்தது: பெரிய கம்பளிச் சந்தை, பீங்கான் மண், ஜிப்சம், பழுப்பு நிலக்கரி, ராணுவம், புஜியா, அப்பளம், இப்போது சூரிய மின்சாரம். வளர்ந்த ஊரின் தொல்லையும் உண்டு. கோட் கேட் பக்கம் ரயில் பாதை கடைத்தெருவை நடுவில் அறுத்துக்கொண்டு போகிறது. ரயில் கேட் மூடினால் இரண்டு பக்கமும் ஆட்டோ, ஸ்கூட்டர், மாடு எல்லாம் ஒன்றாகக் காத்து நிற்கும்.

அந்த கோட் கேட்டைத் தாண்டி உள்ளே நடங்கள். பிகானேரின் உயிர் அங்கேதான். பழைய மதிலுக்கு ஐந்து வாசல்கள். உள்ளே ராம்புரியா ஹவேலிகள் என்ற மாளிகை வீடுகள், துல்மேரா சுரங்கத்துச் சிவப்புக் கல்லில். கல்கத்தாவுக்குப் போய்ச் சம்பாதித்த வணிகர்கள் இங்கே வந்து வீடு கட்டினார்கள். நம் செட்டிநாட்டுக் கதையேதான், பர்மாவுக்குப் பதில் கல்கத்தா. காரைக்குடியில் பூட்டிய வீடுகளைப் பார்த்து வருத்தப்பட்டவர்களுக்கு இங்கேயும் அதே வருத்தம் வரும்.

ராத்திரி எட்டு மணிக்கு மேல் சௌக்கு என்ற தெருச் சதுக்கங்களுக்குப் போனால் 'பாட்டா'க்களைப் பார்க்கலாம். தெருவிலேயே நிரந்தரமாகப் போட்டிருக்கும் பெரிய மரமேடைகள். சில நூற்றாண்டுப் பழசு என்பார்கள், உட்கார்ந்து உட்கார்ந்து பலகை வழவழவென்று இருக்கும். நம் திண்ணை வீட்டுக்குச் சொந்தம், பாட்டா தெருவுக்குச் சொந்தம். கல்யாணப் பேச்சு, பஞ்சாங்கம், தேர்தல், சீட்டாட்டம் எல்லாம் அதன்மேல்தான், விடிகிற வரைக்கும்கூட. புஷ்கரணா பிராமணர்கள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒரே நாளில் ஊர் முழுக்கக் கல்யாணம் வைப்பார்கள். 'ஒலிம்பிக் சாவா' என்று செல்லப்பெயர். ஹோலியில் ஹர்ஷ், வியாஸ் குலத்தார் தோல் முகவையில் தண்ணீர் மொண்டு ஒருவர் முதுகில் ஒருவர் சுளீரென்று அடிப்பார்கள். அந்த ஒருநாள் மட்டும் தண்ணீருக்குக் கணக்குப் பார்ப்பதில்லை. பழைய பகையை உறவாக மாற்றிக்கொண்ட நினைவு அது என்கிறார்கள்.

பழைய நகரத்தின் கோடியில் பாண்டாசர் சமணக் கோயில், ஐந்தாம் தீர்த்தங்கரர் சுமதிநாதருக்கு. கட்டியவர் பாண்டாசா என்ற நெய் வியாபாரி. நெய்யில் ஈ விழ, எடுத்து அதில் ஒட்டியிருந்த நெய்யைச் செருப்பில் தடவிக்கொண்டாராம். பார்த்த தச்சர், இந்தக் கருமி கோயில் கட்டுவாரா என்று சோதிக்க, அடித்தளத்துக்குத் தண்ணீருக்குப் பதில் நெய் வேண்டும் என்றார். மறுநாள் வண்டி வண்டியாக நெய் வந்து இறங்கியது, 40,000 கிலோ என்பது ஊர்ப் பேச்சு. தச்சர் உண்மையைச் சொல்லிக் கும்பிட்டதற்கு, கோயிலுக்கென்று கொண்டுவந்தது கோயிலுக்கே என்றுவிட்டார். கோடையில் தரையில் பிசுபிசுப்பு வரும் என்று பூசாரி காட்டுவார். டிசம்பரில் உங்களுக்குத் தெரியாது. மாஜிசாவின் சொலவடையை நினைத்துக்கொண்டு அங்கே நின்றால் இந்தக் கதை வேறு மாதிரிக் கேட்கும். உள்ளே தூண்களிலும் கூரையிலும் வண்ண ஓவியம் அடர்த்தியாக இருக்கிறது, அண்ணாந்து பாருங்கள்.

சாப்பாடு. புஜியாவைப் பாக்கெட்டில் தின்றிருப்பீர்கள். விடிகாலை ஐந்து மணிக்கு ஒரு பட்டறை வாசலில் நின்று பாருங்கள். நரிப்பயறு மாவும் கடலை மாவும் கலந்த உருண்டையைத் துளைக்கரண்டிமேல் வைத்து, கொதிக்கும் எண்ணெய்க்கு ஒரு சாண் மேலே உள்ளங்கையால் தேய்ப்பார்கள். நம் காராசேவு தேய்ப்பதேதான், ஆனால் நூல் போல மெலிசு. காற்றில் ஈரம் இல்லாததால் அந்த மொறுமொறுப்பு அங்கே நிற்கிறது. வீட்டுக்கு வாங்கி வந்தது நெய்வேலியில் இரண்டே நாளில் பதத்துப் போயிற்று. 2010-ல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. ரசகுல்லாவும் நன்றாக இருக்கும். ராட்டி என்ற நாட்டு மாட்டினம் அந்த மண்ணுக்குச் சொந்தம், பால் தாராளம்.

கேர்-சாங்கரி என்ற கறியைக் கேட்டு வாங்குங்கள். சாங்கரி என்பது கேஜ்டி மரத்துக் காய், கேஜ்டி வேறொன்றும் இல்லை, நம் வன்னி. விருத்தாசலம் பழமலைநாதர் கோயில் தலமரத்தை வலம் வந்து வளர்ந்த எனக்கு, வன்னியைச் சமைத்துச் சாப்பிடுவது முதலில் கூச்சமாகக்கூட இருந்தது. அங்கே அது இலையால் ஆட்டையும் ஒட்டகத்தையும், காயால் மனிதரையும், நிழலால் கம்புப் பயிரையும் காப்பாற்றுகிற மரம். இதே மாவட்டத்தில், முகாம் என்ற ஊர்ப் பக்கத்தில்தான் 1485-ல் ஜாம்போஜி என்ற துறவி 'பிஷ்னோய்' என்ற நெறியைத் தொடங்கினார். பச்சை மரம் வெட்டாதே என்பது அதன் 29 விதிகளில் ஒன்று. இப்போது சூரிய மின் பூங்காக்களுக்காக வன்னிகள் வெட்டப்படுவதை எதிர்த்து ஊர் மக்கள் போராடுகிறார்கள். நிலக்கரியில் வேலை பார்த்தவன் நான், சூரிய மின்சாரம் வரட்டும் என்றுதான் மனதார நினைக்கிறேன். மரத்தைச் சுற்றித் தகடு போட இடமா இல்லை அந்தப் பாலைவனத்தில்? ஜெய்சல்மேர் போகும் வழியில் சாலையின் இரு பக்கமும் பாருங்கள், நான் சொல்வது புரியும்.

எலிக்கோயில், அதாவது தேஷ்னோக் கர்ணி மாதா கோயில், 30 கிலோமீட்டர். முன் சொன்ன அதே கர்ணி மாதா. எலிகளை 'காபா' என்பார்கள். அவர் குலத்தார் இறந்தால் காபாவாகப் பிறந்து, மறுபடி அதே குலத்தில் மனிதராகப் பிறப்பார்கள் என்பது நம்பிக்கை. அதனால் அவை சொந்தக்காரர்கள், பிள்ளைகளிடம் இதைச் சொல்லிக் கூட்டிப் போங்கள், பயம் குறையும். காலைத் தூக்காமல் தேய்த்து நடக்க வேண்டும். கோயிலைச் சுற்றியிருக்கும் 'ஓரண்' என்ற இலந்தைக் காட்டையும் பாருங்கள். கோயில் காடு அது, யாரும் கோடரி வைக்க மாட்டார்கள்.

குழந்தைகளுக்கு நகரத்தை ஒட்டியே 1984-ல் தொடங்கிய தேசிய ஒட்டக ஆராய்ச்சி மையம் இருக்கிறது. மதியத்துக்கு மேல் போனால் குட்டிகளைப் பார்க்கலாம், ஒட்டகப் பால் டீ குடிக்கலாம், லேசான உப்புச் சுவை இருக்கும். பறவை பார்க்கும் பழக்கம் இருந்தால் பக்கத்திலேயே ஜோட்பீர். செத்த கால்நடைகளைப் போடும் வெளி, குளிர்காலத்தில் வெளிநாட்டுக் கழுகுகளும் பிணந்தின்னிக் கழுகுகளும் கூட்டமாக இறங்கும். நாற்றத்துக்குத் துணி கட்டிக்கொள்ளுங்கள்.

நாள் கணக்கு இப்படி வையுங்கள். முதல் நாள் காலை ஜூனாகட், மதியம் ஒட்டக மையம், ராத்திரி பாட்டா. இரண்டாம் நாள் காலை வெயில் ஏறுமுன் பாண்டாசர், ஹவேலித் தெருக்கள், மதியம் தேஷ்னோக். ஜனவரியில் ஒட்டக விழா, அதில் ஜஸ்நாதி சித்தர்கள் நெருப்புக் கங்குமேல் ஆடுவார்கள். பயணத்தை இரண்டு வாரம் தள்ளிவைக்க முடிந்தால் அதன் தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். மதுரையிலிருந்து பிகானேருக்கு வாரம் ஒருமுறை நேரடி ரயில் இருக்கிறது. டிசம்பர் ராத்திரியில் ஐந்து ஆறு டிகிரிக்கு இறங்கும், காதுக்கு மப்ளர் முக்கியம். அப்புறம், மூன்றாம் நாள் காலை ஜெய்சல்மேர் பஸ் ஏறுமுன் அந்த புஜியா பட்டறைக்குப் போய்விடுங்கள். சூடாக ஒரு கை அள்ளிக் காகிதத்தில் வைத்துத் தருவார்கள், காசு கொடுத்தாலும் வாங்க மாட்டார்கள்.